சின்னம் இரவல், கொடி சொந்தம்!

தேர்தல் அறிவித்துவிட்டால் எங்க ஆபீஸில் ஒரு விளையாட்டு ஆரம்பமாகிவிடும். சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஆளுக்கொன்று ஒதுக்குவோம். லீவை நறுக்குகிற மானேஜருக்கு நெயில் கட்டர். எதற்கெடுத்தாலும் விசில் அடிக்கிற சூப்பரின்டெண்டுக்கு குக்கர். மாதக் கடைசியில் எனக்கு கேஸ் சிலிண்டர், அதுவும் காலி!

சிரித்தாலும், சின்னக் கட்சிகளுக்கு இது ஜீவ மரணப் பிரச்னை. சின்னம் அவர்களுக்கு இரவல்தான். 1952 தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி, அதன்மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டியது. அன்றைக்கு உதயசூரியன் யாருடையது தெரியுமோ? ராம ராஜ்ய பரிஷத்துடையது! கை, ஃபார்வர்டு பிளாக்கின் ரூய்கர் பிரிவுக்கு. போல்ஷ்விக் கட்சி என்றும் ஒன்று நின்றது. அதற்கு நட்சத்திரம். பெயர் ரஷ்யாவிலிருந்து, சின்னம் டெல்லியிலிருந்து!

ரஷ்யாக்காரர்கள் பிற்பாடு கொஞ்சம் உஷாராகிவிட்டார்கள். 1993-ல் மூன்று தலைவர்களின் பெயர்களிலிருந்து எழுத்தெடுத்து 'யாப்லக்கோ' என்று கட்சி தொடங்கினார்கள். ரஷ்ய மொழியில் ஆப்பிள் என்று அர்த்தம். பெயரே சின்னம், யார் பிடுங்குவது? அங்கேயே 1995 தேர்தலில் பீர் பிரியர் கட்சியும் நின்றது. ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. குடிக்கிறவன் எல்லாம் ஓட்டுப் போட வரணுமே!

எங்க இரணியல் பக்கமும் ஒரு சின்ன இயக்கம் இருந்தது. இது திருவிதாங்கூர் மண். சிவப்புத் துணியில் வெள்ளைச் சங்கு போட்ட ராஜா கொடி பறந்த இடம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர் என்று கேட்டது நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1954-ல் சட்டசபைக்குப் போனவர்கள் 12 பேர்தான். அதே வருடம் ஆகஸ்ட் 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, சாவு. சுட்டது குடிசைச் சின்னத்துப் பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சியின் போலீஸ். 'நம்ம ஆட்சியே ஆனாலும் ராஜினாமா செய்' என்று சொந்தக் கட்சி முதல்வரையே கேட்டார் லோகியா. பட்டம் தாணு பிள்ளை அசையவில்லை. மறு வருடமே ஆட்சி கவிழ்ந்தது.

1956 நவம்பர் 1-ல் கல்குளம் உள்ளிட்ட தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன. வந்த கையோடு இயக்கமும் காங்கிரஸில் கரைந்துவிட்டது. வேலை முடிந்ததும் கடையைச் சாத்துகிற கட்சி எவ்வளவு அபூர்வம்! ஜங்ஷன் டீக்கடையில் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டாவிடம், "அந்தக் கொடி உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டேன்.

"கொடி எதுக்குலே மக்கா? களியக்காவிளை செக்போஸ்ட்டைப் போய்ப் பாரு. அதுதான் எங்க கொடி" என்றார்.

இன்றைய சின்னக் கட்சிகளுக்கு அப்படிச் சட்டென்று காட்ட ஒன்றும் இல்லை, பாவம். 2024-ல் ம.தி.மு.க. பம்பரம் கேட்டது, கிடைக்கவில்லை. தீப்பெட்டியோடு நின்று திருச்சியில் ஜெயித்தது வேறு விஷயம். நாம் தமிழருக்கு 2019 முதல் இருந்த கரும்பு விவசாயியை, முந்திக் கேட்ட ஒரு கர்நாடகக் கட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர்களுக்கு மைக். ஓட்டுப் போட மூன்றே வாரம்! அதிலும் எட்டு சதவீதம் தாண்டினார்கள்.

அப்போது எங்க தெருவில் ஒரு பையன், தான் வரைந்த கரும்பின் மேல் தானே வெள்ளையடித்து மைக் வரைந்துகொண்டிருந்தான். ஓரத்தில் இருந்த புலிக்கொடியில் ஒரு சொட்டு சுண்ணாம்பு படவில்லை.