மூளையின் காவல் செல்களுக்கும் வயதாகிறது

அல்சைமர் என்றாலே அமிலாய்டு புரதத்தைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோம். அதை அள்ளி அப்புறப்படுத்த வேண்டிய செல்கள் என்ன ஆயின என்ற கேள்வி சூடுபிடித்தது அண்மைக் காலத்தில்தான்.

அந்தச் செல்களின் பெயர் மைக்ரோக்ளியா. 1919இல் இவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்தேகா. கரு வளரத் தொடங்கும்போதே மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகும் நோய் எதிர்ப்புச் செல்கள் இவை. சும்மா இருக்கும்போது உறங்குவதாகவே நினைத்திருந்தார்கள். 2005இல் உயிருள்ள எலியின் மூளையைப் படம் பிடித்தபோது, மெல்லிய கிளைகளை நீட்டுவதும் மடக்குவதுமாக ஓயாமல் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. செத்த செல், நரம்பு உறையின் சிதிலம், புரதக் கட்டி எது அகப்பட்டாலும் விழுங்கிவிடும்.

இவற்றின் ஆயுளைக் கணக்கிட உதவியது, விசித்திரமாக, அணுகுண்டுதான். பனிப்போர்க் காலச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14, அப்போது பிறந்த செல்களின் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கிறது. அதை அளந்த ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள், மனித மைக்ரோக்ளியாவின் சராசரி வயது சுமார் 4 ஆண்டுகள் என்றும், சில 20 ஆண்டுகளையும் தாண்டுகின்றன என்றும் 2017இல் அறிவித்தார்கள். ஒப்பிட்டால், ரத்த வெள்ளையணுக்களில் பல, சில நாட்களிலேயே மடிந்துவிடும்.

இவ்வளவு காலம் வாழும் செல், விழுங்கினால் மட்டும் போதாது, செரிக்கவும் வேண்டுமே! நரம்பு உறையில் கொழுப்பு அதிகம். வயதான மைக்ரோக்ளியாவுக்குள் அது தேங்கிவிடுகிறது. முதிய எலிகளின் மூளையில் கொழுப்புத் துளிகள் நிறைந்த இத்தகைய செல்களை ஸ்டான்ஃபோர்டு குழு 2020இல் விவரித்தது. அவை சரியாக விழுங்குவதில்லை. அழற்சி வேதிப்பொருள்களை மட்டும் தாராளமாகச் சுரக்கின்றன. சில வேளைகளில், நல்ல நரம்பிணைப்புகளையே கழிவென்று தின்றுவிடுவதும் எலி ஆய்வுகளில் தெரிந்தது.

இந்தச் செல்களுக்கும் அல்சைமருக்கும் தொடர்பு இருப்பதற்கு மனிதரிலும் சான்று உண்டு. மைக்ரோக்ளியாவின் உணர்வான்களில் ஒன்றான ட்ரெம்2இன் மரபணுவில் ஓர் அரிய மாற்றம் இருப்போருக்கு அல்சைமர் ஆபத்து ஏறத்தாழ 3 மடங்கு.

அப்படியானால் ட்ரெம்2ஐத் தூண்டிவிட்டால் சரியாகிவிடுமா? ஏஎல்002 என்ற மருந்து அதைத்தான் முயன்றது; 2024 நவம்பரில் மருத்துவச் சோதனையில் தோற்றது. இந்தச் செல்களைச் சீர்செய்யும் மாத்திரை இன்று எந்தக் கடையிலும் இல்லை. ‘மூளை அழற்சியைப் போக்கும்’ டப்பாக்களுக்குப் பணத்தைக் கொட்டாமல், மறதி நோய் ஆபத்தைக் கூட்டும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள்.