போரில் வீடு விட்டு வந்தவர் எங்கே பதிய வேண்டும்? உக்ரைன் காட்டும் பாடம்

கார்கிவ் நகரத்திலிருந்து இரண்டு குடும்பங்கள் குண்டுவீச்சுக்குத் தப்பிக் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் எல்லை தாண்டிப் போலந்துக்குப் போய்விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 4-ஆம் தேதி அறிவித்த தற்காலிகப் பாதுகாப்பு அதற்குக் கிடைத்துவிடும். இன்னொரு குடும்பம் ரயிலேறி, உக்ரைனின் மேற்குக் கோடியில் இருக்கும் லிவிவ் நகரத்தில் போய் இறங்குகிறது. இழப்பு இரண்டு குடும்பங்களுக்கும் ஒன்றுதான். ஆனால் லிவிவ் போனவர்கள் நாட்டு எல்லையைத் தாண்டாததால் அவர்களை அகதிகள் என்று சொல்ல முடியாது. சட்டத்தில் அவர்களுக்கு உள்ள பெயர் 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்'. அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய சொந்த அரசு.

அந்த அரசு உதவி செய்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள், இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள்? இதை எழுதி வாங்கிக்கொண்டு ஒரு சான்று தருகிறது. அந்தச் சான்றை எப்படி வாங்குவது, அதனால் என்ன கிடைக்கும், எதனால் அது பறிபோகும் என்பதைப் பார்ப்போம்.

பதிவு செய்தால்தான் இடம்பெயர்ந்தவரா?

இல்லை. உள்நாட்டு இடப்பெயர்வு குறித்த வழிகாட்டு நெறிமுறைகளை ஐ.நா. 1998-இல் வெளியிட்டது. சூடான் நாட்டைச் சேர்ந்த ராஜதந்திரி பிரான்சிஸ் டெங் தலைமையில் அவை உருவாயின. போர், வன்முறை, மனித உரிமை மீறல், பேரிடர் ஆகியவற்றால் வழக்கமாக வாழ்ந்த இடத்தை விட்டு ஓட வேண்டி வந்து, நாட்டு எல்லையைத் தாண்டாமல் இருப்பவர் எவரோ அவரே உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் என்பது அதன் சாரம். யாரும் முத்திரை குத்தித் தர வேண்டிய அவசியம் இல்லை. வீட்டை விட்டு வெளியேறிய அன்றே ஒருவர் இடம்பெயர்ந்தவராகிவிடுகிறார்.

அப்படியானால் பதிவு எதற்கு? யாருக்கு எவ்வளவு பணம், எந்த ஊருக்கு எத்தனை பள்ளி இடம், எத்தனை கட்டில் என்று கணக்கிட அரசுக்கு ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அலுவலக மேசையில் எதுவும் நடக்காது.

உக்ரைன் சட்டம்

2014-இல் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டது. அதே ஆண்டு டோன்பாஸ் பகுதியில் போர் மூண்டது. லட்சக்கணக்கானவர்கள் டோனெட்ஸ்க், லுஹான்ஸ்க் மாகாணங்களிலிருந்து வெளியேறினார்கள். அவர்களைக் கணக்கில் எடுப்பதற்கான அமைச்சரவைத் தீர்மானம் 2014 அக்டோபர் 1-இல் வந்தது. இடம்பெயர்ந்தோர் உரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் அதே மாதம் 20-ஆம் தேதி நிறைவேற்றியது.

தொடக்கத்தில் சான்று ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அது காலாவதியாகும்போதெல்லாம் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தம் இந்தக் காலக்கெடுவை நீக்கியது. நிரந்தரமாகத் தங்கும் உரிமையுள்ள வெளிநாட்டினரையும் நாடற்றவர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததும் அதே திருத்தம்தான். ஆக, 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா முழு அளவில் படையெடுத்தபோது உக்ரைனிடம் ஏழு ஆண்டுக்கும் மேலாகப் பழகிய ஒரு பதிவு முறை கையில் இருந்தது.

எங்கே போக வேண்டும்?

வந்து சேர்ந்த ஊரில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சமூகப் பாதுகாப்புத் துறை அலுவலகம். இரண்டு, நிர்வாகச் சேவை மையம் அல்லது உள்ளாட்சி மன்ற அலுவலகம். நம் ஊர் இ-சேவை மையத்தைப் போல ஒரே கூரையின் கீழ் பல அரசு வேலைகள் நடக்கும் இடம்தான் இந்தச் சேவை மையம். மூன்றாவது வழி, 'தியா' என்ற அரசு கைப்பேசிச் செயலி. 2020-இல் தொடங்கப்பட்ட இந்தச் செயலியில் முழு அளவிலான போர் தொடங்கிய சில வாரங்களுக்குள் இடம்பெயர்ந்தோர் பதிவும் சேர்க்கப்பட்டது. அலுவலக வாசலில் நிற்கும் கூட்டம் குறைய இது பெரிதும் உதவியது. ஆனால் ஸ்மார்ட்போன், புதுவகை அடையாள அட்டை, வரி எண் எல்லாம் உள்ளவருக்குத்தான் செயலி. சாதாரண போன் வைத்திருக்கும் கிராமத்து முதியவர் நேரில்தான் போக வேண்டும்.

கட்டணம் கிடையாது. வயது வந்த ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குழந்தைகளுக்காகப் பெற்றோர் விண்ணப்பிப்பார்கள். குழந்தைக்கும் தனிச் சான்று உண்டு. பெற்றோர் இல்லாமல் வந்து சேர்ந்த குழந்தைக்காகப் பாட்டியோ தாத்தாவோ வயது வந்த அண்ணன் அக்காவோ விண்ணப்பம் தரலாம். அடையாள ஆவணத்தில் பழைய முகவரி பதிவாகியிருந்து, அந்த ஊர் போர்ப் பகுதியில் இருந்தால் வேலை சுலபம். விண்ணப்பித்த அன்றே சான்று தர வேண்டும் என்பது விதி.

எந்த ஊர் போர்ப் பகுதி என்பதை அதிகாரி தன் இஷ்டப்படி முடிவு செய்ய முடியாது. அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தாக்குதல் நேரக்கூடிய இடம், சண்டை நடக்கும் இடம், ஆக்கிரமிக்கப்பட்ட இடம் என்று ஊர்களைப் பிரித்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதையும் அதில் குறிக்கிறார்கள். போர்முனை நகர நகர இந்தப் பட்டியலும் மாறும். பணம் கிடைக்குமா என்பது பெரும்பாலும் இந்தப் பட்டியலில் அவரவர் விட்டு வந்த ஊர் எந்த வரிசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முகவரி வேறு ஊரில் இருந்தால்?

சிக்கல் இங்கேதான். ஒரு பெண்ணின் அடையாள ஆவணத்தில் பிறந்த ஊரான வின்னித்சியா முகவரி இருக்கிறது. ஆனால் அவர் பத்து ஆண்டுகளாக மரியுபோலில் வாடகை வீட்டில் குடியிருந்தவர். வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதவே இல்லை; வாடகையைக் கையில் வாங்கிக்கொள்வார். நகரம் முற்றுகையிடப்பட்டு வீடும் போய்விட்டது. தாளை மட்டும் பார்த்தால் இவர் மரியுபோலில் வாழ்ந்ததே இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்காகச் சட்டம் நீளமான ஒரு சான்றுப் பட்டியலையே தருகிறது: வேலைப் பதிவேடு, சொத்துப் பத்திரம், படித்த பள்ளி அல்லது கல்லூரியின் சான்றிதழ், குழந்தையை மழலையர் பள்ளியில் சேர்த்த உத்தரவு, மருத்துவச் சீட்டு, புகைப்படம், காணொளி. கடைசி இரண்டையும் கவனியுங்கள். போனில் கிடக்கும் பிறந்தநாள் படம்கூட அரசாங்க ஆவணமாகலாம். இவற்றைக் கொடுத்தால் 15 வேலை நாட்களுக்குள் அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும்.

ஆவணமே இல்லாதவர் என்ன செய்வது? காணாமல் போன ஆவணங்களுக்கு மாற்று தர வேண்டும், அதற்காகப் பழைய ஊருக்குத் திரும்பிப் போய் வாங்கி வா என்று நியாயமற்ற நிபந்தனை போடக் கூடாது என்று ஐ.நா. நெறிமுறைகளில் 20-ஆவது சொல்கிறது.

சான்று எதையெல்லாம் திறக்கும்?

முதலாவது, தங்கும் செலவுக்கான மாத உதவித்தொகை. 2022 மார்ச்சில் வந்த 332-ஆம் எண் தீர்மானத்தின்படி பெரியவர்களுக்கு 2,000 ஹிரிவ்னியா, குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 3,000 ஹிரிவ்னியா. அன்றைய மாற்று மதிப்பில் 2,000 ஹிரிவ்னியா என்பது 55 முதல் 70 டாலர்தான். நகரத்து வாடகைக்கே இது போதாது. தொடக்கத்தில் இந்தத் தொகை அதிகக் கேள்வி இல்லாமல் வழங்கப்பட்டது; பிறகு வடிகட்டல் வந்தது. 2024 மார்ச் முதல், மாத ஓய்வூதியம் 9,444 ஹிரிவ்னியாவைத் தாண்டாத முதியோர் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் உதவி நீட்டிக்கப்பட்டது. சான்று கையில் இருந்தும் பணம் வராமல் போனவர்கள் அதிகம். பதிவு வேறு, உதவித்தொகை வேறு என்பதை முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது.

பணம் நின்றாலும் சான்றுக்கு வேறு பயன்கள் உண்டு: பிள்ளைகளுக்குப் பள்ளி இடம், இலவசச் சட்ட உதவி, கூட்டுத் தங்குமிடங்களில் இடம், வேலைவாய்ப்பு உதவி. வாக்குரிமையும் இதை ஒட்டி ஒரு கட்டத்தில் பேசுபொருளானது. பழைய முகவரியோடு வாக்கு கட்டப்பட்டிருந்ததால் ஆண்டுக்கணக்கில் புதிய ஊரின் உள்ளாட்சித் தேர்தலில் இடம்பெயர்ந்தவர்கள் ஓட்டுப் போட முடியவில்லை. 2020-இல் அமலுக்கு வந்த தேர்தல் சட்டத் தொகுப்பு இதை மாற்றியது. இலங்கை இதற்கு நேர்மாறான வழியில் போனது. 2009 மே மாதத்துக்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதிவு செய்ய 2013-இல் அங்கே ஒரு சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வாழும் ஊரில் வாக்கா, விட்டு வந்த ஊரில் வாக்கா என்பதை இடம்பெயர்ந்தவரே தேர்ந்தெடுக்க விடுவதுதான் முறை.

சான்று எதனால் பறிபோகும்?

சொந்த ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பினால், வெளிநாட்டில் குடியேறினால், தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்திருந்தால், நாட்டுக்கு எதிரான குற்றம் செய்தால், அல்லது தானாகவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சான்று ரத்தாகும். வேறு ஊருக்கு மாறினால் 10 நாட்களுக்குள் புதிய ஊரில் சொல்ல வேண்டும். ஊர் திரும்புவதாக இருந்தால் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். இதை மறந்தவர்கள், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் பெறும் நிலைக்கு ஆளாகலாம்.

ஸ்டானித்சியா லுஹான்ஸ்கா பாலம்

பதிவு முறை எப்படித் தடம் புரளும் என்பதற்கு 2014-க்கும் 2022-க்கும் இடைப்பட்ட ஓய்வூதியக் கதையே சாட்சி. டோன்பாஸில் கிளர்ச்சிப் படைகள் பிடித்த பகுதியில் வாழும் முதியவர், அரசுப் பகுதியில் இடம்பெயர்ந்தவராகப் பதிவு செய்தால்தான் ஓய்வூதியம் என்று அரசு விதி வைத்தது. வாழ்நாள் முழுக்க உழைத்துச் சம்பாதித்த ஓய்வூதியம் ஒரு சான்றோடு கட்டிப்போடப்பட்டது. பதிவு செய்த முகவரியை விட்டு 60 நாளுக்கு மேல் காணாமல் போனால் அந்தச் சான்றும் போய்விடும்.

விளைவு என்ன? இரு பகுதிகளுக்கும் இடையே லுஹான்ஸ்க் மாகாணம் முழுமைக்கும் இருந்த ஒரே கடவை ஸ்டானித்சியா லுஹான்ஸ்காவில் இருந்த நடைபாலம். 2015-இல் தகர்ந்த அந்தப் பாலத்தின் இடிபாட்டில் மரப் பலகைகளைச் சாய்த்து வழி போட்டிருந்தார்கள். எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் தள்ளுவண்டியும் கைத்தடியுமாக அந்தப் பலகைகளில் ஏறி இறங்கினார்கள். அரசுப் பகுதியில் முகம் காட்டி, ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு, வந்த வழியே வீடு திரும்பினார்கள். பாலம் ஒழுங்காகச் சரிசெய்யப்பட்டது 2019 நவம்பரில்தான்.

இந்த முதியவர்கள் உண்மையில் இடம்பெயரவே இல்லை. தாளில் மட்டும் இடம்பெயர்ந்தவர்கள். ஓய்வூதியத்தை இப்படி நிறுத்துவது சட்டவிரோதம் என்று உக்ரைன் உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு முன்மாதிரி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் நடைமுறை உடனே மாறிவிடவில்லை.

கணக்கு ஏன் ஒத்துப்போவதில்லை?

முழுப் போருக்கு முன் உக்ரைன் பதிவேட்டில் இருந்தவர்கள் 14.5 லட்சத்துக்குச் சற்று மேல். மேலே சொன்ன பாலத்துப் பெரியவர்களில் பலர் அந்தக் கணக்கில் அடக்கம். சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு தொலைபேசி ஆய்வு மூலம் தனியாக மதிப்பிடுகிறது. 2022 மார்ச் நடுவில் அது சொன்ன எண் 64.8 லட்சம், மே மாதத்தில் 80 லட்சம். 2024 கடைசியில் அந்த அமைப்பின் மதிப்பீடு சுமார் 37 லட்சமாக இறங்கியது. அரசுப் பதிவேட்டிலோ ஏறத்தாழ 46 லட்சம் பேர் இருந்தார்கள்.

முழு அளவிலான போரின் தொடக்கத்தில் பதிவேடு உண்மையைவிடச் சிறியது. பிறகு உண்மையைவிடப் பெரியது. உறவினர் வீட்டில் தங்கியதால் பதிவே தேவைப்படாதவர்கள் உண்டு. ராணுவத்துக்கு அழைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அலுவலகப் பக்கமே போகாத ஆண்களும் உண்டு. ஊர் திரும்பியும் பெயரை நீக்காதவர்கள் இன்னொரு பக்கம். பதிவேடு, வந்து கேட்டவர்களைத்தான் எண்ணுகிறது. இடம்பெயர்ந்தவர்களின் செய்தியைப் படிக்கும்போது எந்த எண் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள்.

கடைசியாக

போரோ வெள்ளமோ, வீட்டை விட்டு ஓட வேண்டிய நிலை எந்த நாட்டில் யாருக்கு வந்தாலும் உக்ரைன் அனுபவம் சொல்வது இதுதான்: வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே பதிவு செய்யுங்கள். உதவித்தொகை வேண்டாம் என்று நினைத்தாலும் செய்யுங்கள். பின்னாளில் இடிந்த வீட்டுக்கு இழப்பீடு கேட்கும்போது 'அன்று நான் இங்கே வந்தேன்' என்பதற்கு அந்தத் தேதியிட்ட தாள் துணைநிற்கும். வீட்டுப் பத்திரம், மருத்துவச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைப் படம் எடுத்து இணையத்தில் ஓரிடத்தில் சேமித்து வையுங்கள். முகவரி மாறினால் மறக்காமல் தெரிவியுங்கள்.

அரசுகள் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. இடம்பெயர்ந்ததால் உண்டாகும் தேவைக்கு மட்டுமே இந்தச் சான்றைக் கேட்க வேண்டும். ஓய்வூதியத்தையும் வாக்கையும் அதோடு முடிச்சுப் போடுவது அநியாயம்; அவை அந்த மனிதருக்கு இடம்பெயர்வதற்கு முன்பே சொந்தமானவை.