நிலவை அளந்த இரு அளவுகோல்கள்

ஓர் அறிவியல் மாதிரி உண்மையோடு பொருந்துகிறதா என ஆராயும்போது, எந்த அளவுகோலைக்கொண்டு ஆராய்கிறோம் என்பதையும் நாம் கவனித்தாக வேண்டும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் நிலவு மாதிரி இதற்குத் தக்க சான்று. வானில் நிலவு நிற்கும் திசையை அது பெரும்பாலும் சரியாகவே கணித்தது. ஆனால் அதன்படி, நிலவின் தூரம் பூமியின் ஆரத்தைப்போல் 64 மடங்கிலிருந்து ஏறத்தாழ 34 மடங்காகக் குறைய வேண்டும். அவ்வாறாயின், அரைநிலவு சில வேளைகளில் முழுநிலவைவிட ஏறக்குறைய இருமடங்கு அகலமாகத் தோன்ற வேண்டும். அப்படி எவரும் கண்டதில்லை.

டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணித்துவந்த இப்னுஷ் ஷாத்திர் (மறைவு 1375) இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டிப் புதிய மாதிரியொன்றை அமைத்தார். அது திசைக் கணிப்பைக் காத்ததோடு, தூரத்தின் மிகையான ஏற்றத்தாழ்வையும் பெரிதும் குறைத்தது. 1543இல் வெளிவந்த கோப்பர்னிக்கஸின் நூலிலுள்ள நிலவு மாதிரி, அமைப்பில் இதனையே ஒத்திருக்கிறது.

நிலவின் இடத்தை மட்டும் அறியத் திசை போதும். சூரிய கிரகணம் முழுமையானதா, வளைய வடிவானதா என்றறியத் தூரமும் வேண்டும். கேள்வி எதுவோ, அதற்கேற்ற அளவுகோலையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் அளவையில் தேறிய மாதிரியை மற்றோர் அளவையிலும் சோதித்த பின்னரே அதனை நம்புதல் தகும்.