தலையின் அளவுக்கு ஒரு ஹெல்மெட்

சென்னையில் எந்த சிக்னலிலும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஹெல்மெட் இல்லாதவர்களைவிட, ஹெல்மெட் இருந்தும் போடாதவர்கள்தான் கண்ணில் அதிகம் படுவார்கள். ஒருவர் டேங்க் மேல் வைத்திருப்பார், இன்னொருவர் முழங்கையில் மாட்டியிருப்பார். தலையில் வைத்திருப்பவர்களிலும் சிலர் ஸ்ட்ராப்பைப் போடாமல் தொங்கவிட்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால் வருகிற பதில்கள் நமக்கெல்லாம் தெரிந்தவை: "தலை வலிக்குது", "வேர்த்துக் கொட்டுது", "காது அடைக்குது", "முடி கொட்டுது".

இவற்றைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தப் புகார்களில் பெரும்பாலானவை உண்மையானவை. அவர்கள் வாங்கிய ஹெல்மெட் அவர்கள் தலைக்குப் பொருந்தவில்லை என்பதே காரணம். செருப்பு வாங்கும்போது இரண்டு காலிலும் போட்டுக் கடைக்குள் நடந்து பார்க்கிறோம். ஹெல்மெட்டையோ நிறத்தையும் விலையையும் பார்த்து இரண்டே நிமிடத்தில் வாங்கிவிடுகிறோம். 2022-ல் மட்டும் நாட்டில் ஹெல்மெட் அணியாமல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு ஹெல்மெட் சும்மா கிடந்ததோ!

நின்ற இடத்தில் விழுந்தாலும்

"பக்கத்துத் தெருவுக்குத்தானே, மெதுவாகத்தானே போகிறேன்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. வண்டி ஓடவே வேண்டாம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை நேராகத் தரையில் மோதினால், மோதும் நொடியில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். தார்ச்சாலை நசுங்காது, மண்டையோடும் நசுங்காது. எனவே அவ்வளவு வேகமும் ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றாக வேண்டும். மண்டையோடு நின்றுவிட்ட பிறகும், உள்ளே நீரில் மிதந்துகொண்டிருக்கும் மூளை நிற்பதில்லை. அது முன்பக்கம் மோதி, எதிர்ப்பக்கமும் அடிபட்டு, மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்து ரத்தம் கசியத் தொடங்குகிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து நடந்தவர் சில மணி நேரம் கழித்து மயங்கி விழுவது இதனால்தான்.

ஹெல்மெட்டின் வெளி ஓடுதான் நம்மைக் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கூரான பொருள் குத்தாமல் தடுப்பதும், விழுந்த அடியைப் பரப்பிக் கொடுப்பதும் ஓட்டின் வேலை. மூளையைக் காப்பது அதற்குள் இருக்கும் வெள்ளை நிற தெர்மாகோல் அடுக்கு. அடிபட்டவுடன் அது நசுங்கி, தலை நிற்பதற்குச் சில சென்டிமீட்டர் இடம் கொடுக்கிறது. தலையைத் தாக்கியிருக்க வேண்டிய ஆற்றலைத் தன்னை நசுக்கிக்கொள்ளச் செலவழித்துவிடுகிறது. ஆனால் தலைக்கும் அந்த அடுக்குக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஹெல்மெட் முதலில் நகரும், சுழலும், பின்மண்டையைத் திறந்துவிடும். சரியாகப் பொருந்துவதை வசதிக்கான விஷயம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், பாதுகாப்பில் பாதி அதில்தான் இருக்கிறது.

ஹெல்மெட் உயிர் காக்கும் என்பதை மருத்துவ உலகுக்கு முதலில் அழுத்தமாகச் சொன்னவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர். 1935-ல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்த டி.இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் அவரும் ஒருவர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று உலகம் அறிந்த அந்த மனிதர் அன்று தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அதன்பின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941-ல் கெய்ர்ன்ஸ் எழுதிய கட்டுரையும், அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதும்தான் இன்றைய சட்டங்களுக்கு முன்னோடி.

முதலில் டேப்பை எடுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று போதும். புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே தொடங்கி, காதுகளுக்கு மேலாகச் சென்று, பின்மண்டை எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அங்கே சுற்றி வாருங்கள். இரண்டு மூன்று முறை அளந்து, கிடைத்ததில் பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு ஹெல்மெட்டுகளில் அளவை மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். 580 என்றிருந்தால் 58 சென்டிமீட்டர் சுற்றளவு. மீடியம், லார்ஜ் என்ற பெயர்களை நம்ப வேண்டாம். அவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் தலையின் வடிவம் ஒன்றாக இருப்பதில்லை. மேலிருந்து பார்த்தால் சிலர் தலை ஏறக்குறைய வட்டம், சிலருடையது முன்னும் பின்னும் நீண்டது, பலருடையது இடைப்பட்டது. நீண்ட தலைக்காரர் வட்டமான ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றியின் நடுவில் அழுத்தும், இரு பக்கமும் காலியாக இருக்கும். வட்டத் தலைக்காரர் நீளமான ஹெல்மெட்டைப் போட்டால் பொட்டுகள் இரண்டும் நெருக்கப்படும். கடைக்காரர் உடனே, "ஒரு சைஸ் பெருசு போடுங்க சார்" என்பார். அங்கேதான் தவறு நடக்கிறது. வடிவம் பொருந்தாதபோது மாற்ற வேண்டியது மாடலை. அளவைக் கூட்டினால் வலி போகும், பிடிப்பும் சேர்ந்து போய்விடும்.

கடையில் கால் மணி நேரம்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கினாலும் உங்கள் ஊர்க் கடைவீதியில் வாங்கினாலும், கால் மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். ஸ்ட்ராப்கள் இரண்டையும் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஹெல்மெட்டைத் தலையில் இறக்குங்கள். சற்றுச் சிரமப்பட்டுத்தான் இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் அது உங்கள் அளவு இல்லை.

முன்விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். பின்னந்தலையில் தொப்பி போலத் தூக்கி நிற்கக் கூடாது. கன்னப் பஞ்சு இரு கன்னங்களையும் லேசாக அழுத்த வேண்டும். புது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சூயிங் கம் மென்றால் கன்னத்தின் உட்புறம் பல்லில் படும். அது சரியான அறிகுறிதான். சில வாரங்களில் பஞ்சு அமுங்கி உங்கள் முகத்துக்குப் பழகிவிடும். வாங்கும்போதே தளர்வாக இருப்பது இன்னும் தளர்ந்துபோகும் என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். நெற்றிக்கும் உள்துணிக்கும் நடுவே விரல் எளிதாக நுழையக் கூடாது.

இப்போது தலையை அசைக்காமல், ஹெல்மெட்டை இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். நெற்றித் தோலும் கன்னத் தோலும் அதோடு சேர்ந்து நகர வேண்டும். தோல் நிற்க, ஹெல்மெட் மட்டும் சுற்றினால் பெரிது. அடுத்த சோதனைதான் முக்கியம், கடைகளில் இதை யாரும் செய்வதில்லை. ஸ்ட்ராப்பை மாட்டி, மோவாய்க்கு அடியில் ஒரு விரல் மட்டும் நுழையும்படி இறுக்குங்கள். உடன் வந்தவரை உங்களுக்குப் பின்னால் நின்று, ஹெல்மெட்டின் பின்விளிம்பைப் பிடித்து மெதுவாக முன்னோக்கித் தூக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ராப் போட்டிருந்தும் கழன்று முன்னால் வருகிறதா? எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். சாலையிலும் அது அப்படித்தான் கழன்று உருளும்.

மீதி நேரம் முழுக்க அதைப் போட்டபடியே கடையில் இருங்கள். கழற்றியபின் கண்ணாடியில் பாருங்கள். முகம் முழுவதும் லேசான தடம் பரவியிருந்தால் நல்லது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிவந்து வலித்தால், ஒரு மணி நேரப் பயணத்தில் அதுவே தலைவலியாக மாறும்.

அந்தத் தலைவலிக்குப் பெயர் இருக்கிறது

தலைவலிகளை வகைப்படுத்தும் சர்வதேச மருத்துவப் பட்டியலில், வெளி அழுத்தத்தால் வரும் தலைவலி தனி வகையாகவே இடம்பெற்றிருக்கிறது. அழுத்தம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வரும், எங்கே அதிகம் அழுத்துகிறதோ அங்கேதான் அதிகம் வலிக்கும், கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். உங்கள் வலி இப்படித்தான் இருக்கிறது என்றால் மாத்திரையைத் தேட வேண்டாம், ஹெல்மெட்டை மாற்றுங்கள். கழற்றிய பிறகும் நீடிக்கிற வலி, வாந்தியோடு வருகிற வலி, பார்வை மங்கலோடு வருகிற வலி ஆகியவற்றுக்கு ஹெல்மெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கழுத்துக்குக் கேடு என்ற பயமும் பரவலாக இருக்கிறது. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கழுத்துப் பகுதி முதுகெலும்புக் காயம் 22 சதவீதம் குறைவு என்றே கண்டது. பார்வையையும் கேட்கும் திறனையும் தடுக்கும் என்பதையும், லாஸ் ஏஞ்சலிஸில் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை மறுத்துவிட்டது. இன்னொரு பக்கம், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. எந்தத் தட்டு கனம் என்று சொல்லவே வேண்டாம்.

வியர்வை, முடி, பொடுகு

நம் ஊர் வெயிலில் இது நியாயமான கவலை. ஆண்களின் வழுக்கைக்குப் பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனுமே காரணம், ஹெல்மெட் அல்ல. ஆனால் தளர்வான ஹெல்மெட் ஓயாமல் உரசும்போதும், முடியை இழுத்து இறுகக் கட்டி அதன்மேல் ஹெல்மெட் போடும்போதும் முடி வேரிலிருந்து இழுபட்டு உதிர்வது உண்டு. ஈரத் தலையோடு போட்டால் உள்ளே வியர்வையும் வெப்பமும் சேர்ந்து பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்கு வசதியாகிவிடும். தலை உலர்ந்தபின் போடுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணியோ பருத்திக் குல்லாயோ அணிந்து அதைத் தினமும் துவையுங்கள். தடித்த துண்டைச் சுற்றினால் ஹெல்மெட்டின் அளவே மாறிவிடும்.

உள்துணியைத் தனியாகக் கழற்ற முடிகிற மாடலை வாங்குவது நம் தட்பவெப்பத்துக்கு மிகவும் ஏற்றது என்பேன். மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். பெட்ரோல், தின்னர் வைத்துத் துடைக்கவே கூடாது, அவை ஓட்டையும் தெர்மாகோலையும் அரித்துவிடும். பலர் மாறி மாறிப் போடும் ஹெல்மெட் என்றால் சொந்தத் துணி ஒன்று கையில் இருக்கட்டும்.

சடையும் கண்ணாடியும்

பெண்களுக்கென்று கடைக்காரர்கள் காட்டுவது பெரும்பாலும் நிறம் மாறிய அதே ஹெல்மெட்தான். உச்சிக் கொண்டையோடும் உயரக் கட்டிய குதிரைவாலோடும் எந்த ஹெல்மெட்டும் சரியாக உட்காராது. கழுத்தருகே தாழ்வாகப் பின்னிய சடைதான் ஏற்றது. இரும்புக் கிளிப்பும் கொண்டை ஊசியும் அடிபடும்போது தோலுக்குள் இறங்கும் என்பதால் அவற்றை எடுத்துவிடுங்கள். பூவைச் சடையின் கீழ்ப்பகுதியில் வைத்துக்கொள்ளலாம், அல்லது போய்ச் சேர்ந்தபின் சூடிக்கொள்ளலாம்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதை அணிந்தபடி கடைக்குப் போக வேண்டும். ஹெல்மெட்டைப் போட்டபின் கண்ணாடியின் கைகள் பொட்டருகே நேராக நுழைகின்றனவா, காதுமேல் அழுத்துகின்றனவா என்று பாருங்கள்.

முகம் முழுக்க மூடுவதா, திறந்ததா என்று கேட்டால் என் தீர்ப்பு முழுக்க மூடுவதற்குத்தான். விழுபவரின் மோவாயும் தாடையும் பற்களும் சாலையில் உரசாமல் தடுக்க வேறு வழியில்லை. திறந்த வகை காற்றோட்டமானது என்பது உண்மை. ஆனால் முழு வகையிலும் காற்றுத் துளைகள் உள்ளவை கிடைக்கின்றன.

ஐஎஸ்ஐ முத்திரை

2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்பதே குற்றம். அதற்குரிய தர எண் ஐஎஸ் 4151. சாலையோரம் குவித்து விற்கும் மலிவு ஹெல்மெட்டுகளிலும் முத்திரை ஒட்டியிருப்பார்கள் என்பதால், முத்திரைக்குக் கீழே உள்ள சிஎம்/எல் உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பாருங்கள். எந்த நிறுவனம், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, ஸ்ட்ராப்பால் தலையோடு பாதுகாப்பாகக் கட்டப்பட்டதைத்தான் தலைக்கவசம் என்கிறது. கட்டாமல் சும்மா வைத்துக்கொண்டால் சட்டத்தின் கணக்கிலும் அது ஹெல்மெட் அல்ல.

ஒரு முறை விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே பழுதில்லாமல் தெரிந்தாலும், தூக்கிப் போட்டுவிடுங்கள். நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்கு மீளாது. சைடு மிரரில் மாட்டுவதும்கூட உள்ளடுக்கில் பள்ளம் விழச் செய்யும். அடிபடாவிட்டாலும் ஐந்து ஆண்டுகளில் மாற்றுவது நல்லது.

பின்னால் உட்காருபவரின் தலை

தொடக்கத்தில் சொன்ன 50,029 பேரில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். அதைவிடச் சிறிய குழந்தைகளுக்கும், ஒன்பது மாதம் முதல், அவர்கள் அளவுக்கான ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும் என்று 2022-ல் விதி வந்து, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் குழந்தையோடு போகும் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவும் கூடாது.

ஆனால் வீடுகளில் நடப்பது வேறு. அப்பாவின் பழைய ஹெல்மெட் அம்மாவுக்குப் போகிறது, அண்ணனின் பெரிய ஹெல்மெட் தம்பியின் தலையில் ஆடிக்கொண்டிருக்கிறது. வளரும் குழந்தைக்கு இரண்டு வருடம் தாங்கட்டும் என்று பெரிதாக வாங்குகிறோம். மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றில்கூட அது தேறாது. குழந்தையின் தலையை ஆண்டுக்கு ஒரு முறையாவது அளந்து பாருங்கள். இரண்டாவது ஹெல்மெட் வாங்கக் கிளம்பும்போது, அதைப் போட்டுக்கொள்ளப் போகிற மனைவியையோ அம்மாவையோ பிள்ளையையோ கூடவே கடைக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் தலையில் வைத்து, ஸ்ட்ராப்பை மாட்டி, பின்னால் நின்று நீங்களே தூக்கிப் பார்த்தபிறகு பணத்தைக் கொடுங்கள்.