வீராவுக்குள் டர்போ: காற்றை அமுக்கினால் சூடும் ஏறும்

மாணவர்களே, மாலை நேரத்தில் பாயா ரும்புட் சாலையோரம் நின்றிருந்தால் அந்த ஒலியைக் கேட்டிருப்பீர்கள். பழைய புரோட்டோன் வீரா ஒன்று வேகமெடுக்கும்போது மெல்லிய விசில்; ஓட்டுபவர் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்ததும் 'ப்ஸ்ஸ்' என்று காற்று வெளியேறும் சத்தம். பார்வைக்கு அப்பா காலத்துக் குடும்பக் கார். உள்ளே இருப்பது வேறு.

1993இல் வெளிவந்த வீரா, மிட்சுபிஷி லேன்சரை அடிப்படையாகக் கொண்டு உருவானது. அந்த லேன்சரின் விளையாட்டு வகையான ஜிஎஸ்ஆரில் 195 குதிரைத்திறன் தரும் 1.8 லிட்டர் டர்போ இயந்திரம் இருந்தது. சாதாரண 1.5 வீராவுக்கோ ஏறக்குறைய 90தான். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் 'ஹாஃப் கட்' காரின் இயந்திரத்தை வீராவில் பொருத்துவது நம் நாட்டுப் பட்டறைகளில் பெயர்பெற்ற வேலையாகிவிட்டது. அந்த இயந்திரங்களுக்கு இன்று முப்பது வயதாகிறது. உங்கள் அண்ணனோ மாமாவோ அதை மேலும் 'ஏற்ற' ஆசைப்பட்டால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காற்றைப் பற்றி.

ஒரு கணக்குப் போடுவோம். நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். 1,834 கன செண்டிமீட்டர் இயந்திரம் நிமிடத்திற்கு 6,000 சுற்றில் ஓடினால், 3,000 முறை 1.834 லிட்டர். அதாவது விநாடிக்குச் சுமார் 92 லிட்டர் காற்று! ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே அதிகத் திறன் வேண்டுமென்றால் அதே உருளைக்குள் அதிகக் காற்றைத் திணிக்க வேண்டும். வீணாகப் போகும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையில் உள்ள விசிறியால் காற்றை அமுக்குவதே டர்போ. 1905இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் புய்க்கி இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தச் சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும்.

இங்கேதான் சிக்கல். சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுக்கிய காற்று சூடாகும். மலாக்காவின் 32 பாகைக் காற்றை இரு மடங்கு அழுத்தத்திற்கு ஏற்றினால், இழப்பே இல்லாத கற்பனை அமுக்கியில்கூட அது 99 பாகை செல்சியஸ் ஆகும். நிஜ டர்போவில் 120ஐத் தாண்டும். நான்காம் படிவத்தில் 'ஹுக்கும் சார்ல்ஸ்' என்று படிக்கிறீர்களே, அது இங்கே வேலை செய்கிறது: சூடான காற்று விரிகிறது, அடர்த்தி குறைகிறது. அழுத்தமானி உயரக் காட்டினாலும் உள்ளே போகும் காற்றின் நிறை அந்த அளவுக்கு உயராது. அதனால்தான் முன்பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர் வைக்கிறார்கள். அது காற்றை 128 பாகையிலிருந்து 60க்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் 20 விழுக்காடு கூடுதல் காற்று கிடைக்கும். கெல்வினுக்கு மாற்றி நீங்களே வகுத்துப் பாருங்கள்: 401ஐ 333ஆல்.

என்னைக் கேட்டால், அழுத்தத்தைக் கூட்டும் கருவிக்குச் செலவழிக்கும் முன் இன்டர்கூலரின் இடுக்குகளில் முப்பது வருடமாக அடைந்திருக்கும் மண்ணைக் கழுவுவதே நல்ல முதலீடு.

வெப்பம் திறனைக் குறைப்பதோடு நிற்பதில்லை. தீப்பொறி பற்றவைத்த சுடர் உருளை முழுவதும் பரவி முடிவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்துவிடலாம். இதுதான் 'நாக்கிங்'. உலோகத்தைச் சுத்தியால் தட்டுவது போலக் கேட்கும். பிஸ்டனின் முக்கிய உலோகமான அலுமினியம் சுமார் 660 பாகையில் உருகும். எரியும் வாயுவோ 2,000 பாகைக்கும் மேல். ஆனாலும் பிஸ்டன் ஏன் உருகுவதில்லை? அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய, அசைவற்ற வாயுப் படலம் ஒரு போர்வை போலக் காக்கிறது. எண்ணெய் பூசிய குளிர்ந்த சுவர்களும் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. நாக்கிங்கின் அதிர்வலை அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். சில விநாடிகள் போதும், பிஸ்டனில் ஓட்டை விழ.

பெட்ரோல் நிலையத்தில் 95, 97 என்று காண்கிறீர்களே, அந்த ரோன் எண் இதைத் தாக்குப்பிடிக்கும் ஆற்றலைக் குறிக்கிறது. 97இல் அதிகச் 'சக்தி' இருப்பதாக நினைப்பது தவறு. நாக்கிங்கைத் தடுப்பதில் பெட்ரோலின் அளவுக்கும் பங்குண்டு. டர்போ முழு வேகத்தில் ஊதும்போது வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோல் தெளித்துக் கலவையைக் குளிர்விப்பார்கள். பழைய பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கும் காரில் காற்றை மட்டும் கூட்டினால், காற்று வரும், பெட்ரோல் வராது. நல்ல மெக்கானிக் அதனால் முதல் நாளே திறனைக் கூட்டமாட்டார். நான்கு உருளைகளின் அழுத்தத்தையும் அளப்பார். வெடித்த ரப்பர் குழாய்களை மாற்றுவார். ரேடியேட்டர், எண்ணெய், பிளக், பெட்ரோல் பம்பு எல்லாம் சரியான பிறகே மேற்கொண்டு பேசுவார்.

பிரேக்கையும் மறக்கக்கூடாது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் 110க்கு ஏறினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1.9 மடங்கு. 90 குதிரைத்திறனுக்காகச் செய்த பிரேக்கை அப்படியே விட்டு 195ஐப் பொருத்துவது அறிவல்ல. இயந்திரத்தை மாற்ற ஜேபிஜே அனுமதியும் வேண்டும். அனுமதியின்றி மாற்றுவது குற்றம்.

இன்னொரு மலேசியக் காரையும் சொல்லியாக வேண்டும். 2002இல் நம் நாட்டின் கரம்ஜித் சிங், உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார். அவர் ஓட்டிய புரோட்டோன் பெர்ட், மிட்சுபிஷி லேன்சர் எவோலூஷனை அடிப்படையாகக் கொண்ட 2 லிட்டர் டர்போ கார். அந்தப் பிரிவின் விதிப்படி, டர்போவுக்குக் காற்று நுழையும் வாயில் 32 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் இருக்க வேண்டியிருந்தது. அந்த இடுக்கில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியதும், டர்போ எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்கு மேல் காற்று போகாது. போட்டியிட்ட டர்போ கார்கள் எல்லாவற்றுக்கும் அதே வாயில்தான். ஒரு ஐம்பது சென் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். அதைவிடப் பெரிய துளை, அவ்வளவுதான்.