கம்ப்யூட்டருக்குள் ஒற்றன்!

சாக்கோட்டையிலும் பக்கத்திலுள்ள காரைக்குடியிலும் பழைய வீடுகளைப் பாருங்கள். பர்மாத் தேக்கில் இழைத்த வாசல் கதவு, கனத்த தாழ்ப்பாள். திருடன் இடித்தாலும் அசையாது!

அந்த வீடுகளுக்குள்ளும் இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் முகம் காட்டுவது அதில்தான். பாங்கிக் கணக்குப் பார்ப்பதும், பேரன் பாடம் படிப்பதும் அதில்தான்.

அதற்குள் ஓர் ஒற்றன் புகுந்துவிட்டால், தேக்குக் கதவு என்ன செய்யும்?

யார் இந்த ஒற்றன்?

அவன் ஆள் அல்ல, ஒரு புரோகிராம். "இதைச் செய், அதைச் செய்" என்று கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைகளின் தொகுப்புக்குத்தான் புரோகிராம் என்று பெயர்.

ஒற்றன் புரோகிராம் ஓசையில்லாமல் உள்ளே வந்து உட்காரும். நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் குறித்துக்கொள்ளும். பாங்கியின் ரகசியச் சொல்லும் அதில் அடக்கம். பிறகு, இன்டர்நெட் வழியாகத் தன் எஜமானனுக்கு அனுப்பிவிடும்!

கூடங்குளத்தில் நடந்தது

"நம் ஊருக்கு ஒற்றன் எதற்கு வரப்போகிறான்?" என்று நினைக்க வேண்டாம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கே வந்தான்!

2019 செப்டம்பர் 4-ந் தேதி. மத்திய அரசின் கம்ப்யூட்டர் அவசர உதவிப் பிரிவான 'செர்ட்-இன்' இதைக் கண்டுபிடித்தது. செய்தி வெளியே பரவியதும், அக்டோபர் 30-ந் தேதி இந்திய அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது.

ஒற்றன் இருந்தது, அலுவலக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில். அணு உலையை இயக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. தனித்தனியே வைத்திருந்ததால், உலைக்கு ஆபத்து வரவில்லை.

அந்தப் புரோகிராமின் பெயர் 'டிட்ராக்' என்று நிபுணர்கள் கூறினார்கள். தட்டிய எழுத்து, பார்த்த இணையப் பக்கம், உள்ளே உள்ள பைல்களின் பட்டியல் ஆகியவற்றை எல்லாம் திரட்டக்கூடியது அது. அதன் உடன்பிறப்பு ஒன்று, 2018-ல் இந்திய ஏ.டி.எம். எந்திரங்களில் புகுந்து கார்டு விவரங்களைக் களவாட முயன்றதும் தெரியவந்தது.

எப்படி நுழைகிறது?

பெரும்பாலும் நாமே கதவைத் திறந்து விடுகிறோம்!

"இலவசம்" என்று ஒரு புரோகிராமை இறக்குகிறோம். படிக்காமலே "சரி, சரி" என்று அழுத்துகிறோம். அதனுடன் வேண்டாத இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. விலை உயர்ந்த புரோகிராமின் திருட்டுப் பிரதி, முன்பின் தெரியாதவர் அனுப்பும் மெயில், யாரோ கொடுத்த பென் டிரைவ் இவையும் வழிகளே.

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று திரையில் மிரட்டல் வரும். போன் செய்தால், "நான் சரி செய்கிறேன், ஒரு புரோகிராமை ஏற்றுங்கள்" என்பான். அவன்தான் திருடன்!

காவல் போடுவது எப்படி?

விண்டோஸ் 10, 11-ல் 'டிபெண்டர்' என்ற காவல்காரன் கூடவே வருகிறான். தனிச் செலவு இல்லை. அவனை அணைக்காதீர்கள்.

கம்பெனி அனுப்பும் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டையை அடைப்பவை அவைதான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் நின்றுவிட்டன. அதை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். புதுப் புரோகிராம் ஏற்றும் அதிகாரம் பெரியவர்களிடம் மட்டும் இருக்கட்டும்.

மாதம் ஒரு முறை புரோகிராம் பட்டியலைப் பாருங்கள். வேண்டாததை நீக்குங்கள். இன்னதென்று தெரியாவிட்டால், விவரம் தெரிந்தவரைக் கேட்டு நீக்குங்கள்.

குடும்பப் படங்களையும் பத்திர நகல்களையும் தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள்.

சந்தேகம் வந்தால்?

கேட்காமலே விளம்பரம் குதிக்கிறதா? முதல் பக்கம் தானாக மாறுகிறதா? எந்திரம் திடீரென்று மந்தமாகிவிட்டதா? உடனே இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். டிபெண்டரை விட்டு முழுச் சோதனை போடுங்கள். ரகசியச் சொற்களை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள்.

2017-ல் மத்திய அரசு தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' என்ற நிலையம், இத்தகைய புரோகிராம்களை அகற்றும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

பணம் பறிபோய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பாங்கிக்குச் சொல்லுங்கள், 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு!