தொலைநோக்கி ஆடிக்கு நெகிழும் தாங்கி

பள்ளிகளிலும் இல்லங்களிலும் தொலைநோக்கி அமைக்க முற்படுவோர் ஆடியைத் தேய்த்து மெருகேற்றப் பல வாரங்களைச் செலவிடுவர். அதைத் தாங்கும் தட்டினையோ ஒரே பிற்பகலில் முடித்துவிடுவர். பிழை பெரும்பாலும் அங்கேதான் புகுகின்றது. கண்ணாடி கல்லைப்போல் உறுதியாகத் தோன்றினும், தன் எடையாலேயே வளையும் இயல்பினது. பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.00055 மி.மீ. ஆகும். ஆடியின் பரப்பு இதில் எட்டில் ஒரு பங்கு பிறழினும் விண்மீனின் உருவம் கெடத் தொடங்கும். தடிப்பு மாறாமல் விட்டம் மட்டும் இருமடங்கானால், வளைவு பதினாறு மடங்காகிவிடும்.

15 செ.மீ. விட்டமும் 2.5 செ.மீ. தடிப்பும் உள்ள ஆடிக்கு மூன்று தாங்குபுள்ளிகள் போதும். 30 செ.மீ. விட்டமுள்ள மெல்லிய ஆடிக்கு ஒன்பது வேண்டும். ஆனால் ஒன்பது ஆணிகளை ஒரே பலகையில் அறைந்தால், உயரத்தில் சிறிது மிகுந்த மூன்று ஆணிகளே எடை முழுவதையும் சுமக்கும். ஆகவே மூன்று முக்கோணத் தகடுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் மூன்று தாங்குபுள்ளிகளின் நடுக்கோட்டுச் சந்தியில் ஒரு முனைமீது தடையின்றி ஆடுமாறு நிறுத்துதல் வேண்டும். அப்போது மூன்று மூலைகளும் எடையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டப்ளின் நகரத்துத் தாமஸ் கிரப் கையாண்ட முறை இது. ஆங்கிலத்தில் இதற்கு ‘விஃபிள்ட்ரீ’ என்று பெயர். குதிரைகளின் இழுவையைப் பங்கிடும் வண்டிக்கட்டையின் பெயரே அது. நம்மவர்க்குத் தராசுக்கோல் என்றால் எளிதில் விளங்கும்.

பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தாருக்கும் இதே சிக்கல்தான். அங்கு மெருகேற்றப்பட்ட 2.34 மீட்டர் ஆடி, 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட காவலூர்த் தொலைநோக்கியில் உள்ளது. பல நாடுகள் சேர்ந்து திட்டமிட்டுள்ள முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கோ, 1.44 மீட்டர் அகலமுள்ள 492 அறுகோண ஆடிகள் தேவை. ஒவ்வொன்றின் தடிப்பும் 45 மி.மீ. மட்டுமே. பின்புறத்தில் 27 புள்ளிகளில் தாங்கும் அமைப்புகளைச் செய்தளிப்பது இந்தியாவின் பொறுப்புகளுள் ஒன்று. அப்பணியை இந்நிறுவனம் நெறிப்படுத்துகின்றது. ஒன்பது புள்ளி இருபத்தேழாயிற்று; நெறி மாறவில்லை.

இனி, ஆடி நழுவாதிருக்க வைக்கும் பிடிகளைப் பற்றி ஒரு சொல். அவை ஆடியை அழுத்தலாகாது. இடையே ஒரு தாளின் இடைவெளி இருக்கட்டும். பசையால் இறுக ஒட்டுவதும் தீங்கே. தாங்கி சரியா என்று அறிய, ஒரு விண்மீனைக் குவியத்திற்குச் சற்று உள்ளும் புறமும் வைத்து நோக்குக. உருவம் ஒருமுறை நெடுக்காகவும் மறுமுறை குறுக்காகவும் நீண்டால், ஆடியை அதன் தாங்கியிலேயே கால்சுற்றுத் திருப்பி மீண்டும் பார்க்க. நீட்சியும் உடன் திரும்பினால் குறை ஆடியினுடையது. திரும்பாமல் நின்றால், முதலில் தாங்கியைச் சோதித்துப் பிடிகளைத் தளர்த்துக.